காவைச் சுத்தம் செய்த பாண்டிக்காரன்

திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை, குடைதான். சித்திரை மாதத்துக் காலை. வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. ஆனால் சாலைக் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாருடைய கையிலும் குடை தொங்குகிறது. எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் குடை வைத்திருக்கிறவர் ஒன்று பண்ணையாராக இருப்பார், இல்லையென்றால் கலியாணத் தரகராக இருப்பார். இங்கே சுமைகூலிக்காரர் முதல் கச்சேரி குமாஸ்தா வரை குடையில்லாமல் வாசற்படி இறங்குவதில்லை. எங்கள் கடைக்குக் கதவுக்கீல் வாங்க வந்த ஒருவரிடம், "வெயிலுக்கா இவ்வளவு பயம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார். "மழை வரும், கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கைத் தாண்டியிருக்க மாட்டார், கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நமக்கு வெயில் வீட்டு ஆள், மழைதான் விருந்தாளி. எப்போது வருவார், எத்தனை நாள் இருப்பார் என்று ஐப்பசி வரைக்கும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே வெயிலை அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு அது துணி உலர்த்துகிற கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஏனென்றால் அந்த நாட்களில் எனக்குக் காமிராப் பைத்தியம் பிடித்திருந்தது. அதிலும் பறக்கிற வண்ணத்துப்பூச்சியை உயிரோடு படம் பிடிக்கிற பைத்தியம்.

நான் இங்கே வந்தது வேலை தேடி அல்ல, கலியாணம் செய்துகொண்டு. என் மாமனாருக்கு ஆரியசாலையில் வீடும், இரண்டு தெரு தள்ளி இரும்புக்கடையும் இருந்தன. மண்வெட்டி, அரிவாள், கீல், தாழ்ப்பாள், ஆணி. பெண் ஒன்றுதான், ஆகவே மாப்பிள்ளை வீட்டோடு. என் மனைவி கோமதி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி மலையாளம், கோபம் வந்தால் முழுவதும் மலையாளம். காமிராவைக் கொடுத்தது ஊரைவிட்டு மாற்றலாகிப் போன ஒரு சர்வேயர். துருத்தி வைத்த மடக்குக் காமிரா. பின்பக்கம் மங்கல் கண்ணாடி. தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதில் உருவம் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும். தெளிந்த பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு மருந்து பூசிய தகட்டைச் செருக வேண்டும். இதற்குள் பூச்சி அடுத்த காம்பவுண்டுக்குப் போய் இரண்டு பூவில் தேன் குடித்துவிட்டிருக்கும். அதனால் பூச்சியைத் துரத்தக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். அது எந்த இலைக்கு, எந்தப் பூவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, வெறும் இலைக்குக் காமிராவைத் தயார் செய்து வைத்துவிட்டு, அழுத்தினால் படம் விழுகிற ரப்பர் உருண்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வருஷம் முப்பது தகடுகளில் இருபத்தாறில் வெறும் இலைதான் விழுந்தது. "நல்ல இலை" என்றாள் கோமதி. "வெத்தில கடைக்காரருக்குக் கொடுத்தா சுவரிலே மாட்டுவாரு."

ஊரில் இந்தப் பூச்சிகளை நான் அடித்த அடியை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் தும்பை பூக்கும். தும்பை பூத்ததும் மஞ்சள் பூச்சிகள் எங்கிருந்தோ வந்து கரை கொள்ளாமல் பறக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆவாரங்கொப்பை ஒடித்து வீசுவோம். யாருக்கு அதிகம் விழுந்தது என்று பந்தயம். கார்த்திகை முடிந்தால் பூச்சியும் முடிந்தது, அப்புறம் அடுத்த ஐப்பசி வரைக்கும் செம்மண்ணும் உடைமரமும்தான். பூச்சி என்றால் இரண்டு மாதத்து விஷயம் என்றே என் மனதில் பதிந்திருந்தது.

இந்த ஊரில் அது பன்னிரண்டு மாதத்து விஷயம். மேடத்தில், அதாவது நம் சித்திரையில், கரமனை ஆற்று ஓரத்து ஈரமணலில் நூற்றுக்கணக்கில் வந்து உட்கார்ந்து மண்ணை உறிஞ்சும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஆறு வாரம் ஒன்றும் கிடையாது. காமிராத் துருத்தியில் பூஞ்சை படரும், நான் அதை அடுப்புக்குமேல் பரணில் வைத்துக் காப்பாற்றுவேன். சிங்கத்தில், நம் ஆவணியில், மழை விட்டுவிட்டு வெயில் விழும்போது வேலியெல்லாம் சிறகு. துலாத்தில், நம் ஐப்பசியில், மத்தியானம் இடி இடிக்கும், ஆனால் காலையில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடிமேல் நீலக்கோடு போட்ட பூச்சிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மார்கழியில் பனி நனைத்த சிறகோடு புல்லில் உட்கார்ந்திருக்கும்; வெயில் ஏறுகிறவரை பறக்க முடியாது, ஆசை தீரப் படம் பிடிக்கலாம். வெயிலும் மழையும் இவ்வளவு ஒழுங்காகப் பேசி வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு பூமியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

பார்கவி அம்மாவைச் சந்தித்தது அந்த ஆற்று மணலில்தான். அங்கே பச்சைப் பட்டை போட்ட கறுப்புப் பூச்சிகள் ஒரு முறம் அளவுக்கு நெருக்கி உட்கார்ந்திருந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்து, காமிராவைத் தரையோடு வைத்து, தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் குரல் அலறியது. "ஐயோ, எந்து பற்றி? வெள்ளம் வேணோ?" மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் தலையை எடுக்காமல், பேசாதீர்கள் என்று ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினேன். தூக்கிவிடச் சொல்கிறேன் என்று எண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்தார். பூச்சியெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் போயிற்று. துணியை விலக்கிப் பார்த்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், வெள்ளை முண்டும் நேரியதும், கையில் குடை, கக்கத்தில் புத்தகம். நான் கோபத்தில் தமிழில் என்னவோ சொன்னேன். அவர் மணலில் கிடந்த காமிராவைப் பார்த்தார், மேலே பறக்கிற பூச்சிகளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கினதும், "பாண்டிக்காரனா?" என்று கேட்டார். நம் சீமையிலிருந்து வருகிறவன் யாரானாலும் இங்கே பாண்டிக்காரன்தான். ஆமாம் என்றேன். "நல்லது. இந்த ஊருகாரன் ஒருத்தனும் பூம்பாற்றைக்காக மண்ணிலே கெடக்க மாட்டான்" என்றார்.

அவர் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கரமனைக்கு அப்பால் பெரிய காம்பவுண்டுக்குள் அவருடைய பரம்பரைத் தறவாட்டு வீடு. அங்கே அவரும், குடும்பத் தலைவராக, காரணவராக இருந்த தாய்மாமனும் மட்டும்தான் இருந்தார்கள். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பதினோரு வருஷமாக எந்தப் பூச்சி எந்த மாதம் எந்தச் செடிக்கு வந்தது என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக வரைந்தும் வைத்திருந்தார். பொருட்காட்சிச் சாலையில் ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சிகளைக் காட்டிப் பாடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையாம். "செத்ததைக் காட்டி, இது பறக்கும்னு சொன்னா குட்டிகள் விசுவசிக்குமோ?" என்றார். உயிருள்ள பூச்சியின் படம் கிடைத்தால் வகுப்புச் சுவரில் மாட்டலாம் என்று ஆசை. இந்தத் தேசத்தில் கடைவாசலைத் தாண்டி என்னை உள்ளே அழைத்த முதல் வீடு அது. டீச்சரம்மா என்று நான் கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளே என்று கூப்பிட்டார். காரணவரும் பிள்ளை, நானும் பிள்ளை என்பதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

அந்தக் காம்பவுண்டின் தென்மேற்கு மூலையில் ஒரு காவு இருந்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் தோப்புக்கு நடுவே தனியாக நிற்கும். போதாததற்கு அந்தத் தோப்பின் மூலையில் கொஞ்சம் நிலத்தை நாகர்களுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து நாகர் கல், சுற்றிலும் மரம், மரத்தில் கொடி, கொடிக்கடியில் முழங்கால் அளவு சருகு. சாயங்காலம் ஒரு விளக்கு வைப்பதோடு சரி. டீச்சரம்மா என்னைக் காவின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சிங்க மாதத்தில் இங்கே ஒரு பெரிய பூச்சி வரும், பதினோரு வருஷமாக ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை என்றார். அதன் படம் ஒன்று போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

வந்தது. ஆவணி பிறந்து எட்டாம் நாள் மழை விட்ட ஒரு காலையில் முதல் தடவை பார்த்தேன். முன்சிறகு கறுப்பு, பின்சிறகு மஞ்சள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிது. அவசரமே இல்லாமல் மரத்து உயரத்திலிருந்து இறங்கி வந்து காவுக்குள் போயிற்று.  இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே இருபத்தாறு வயது கழிந்துவிட்டதே என்று இருந்தது. பன்னிரண்டு நாள் காலைதோறும் கடையைக் கோமதியின் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். பூச்சி தினமும் வரும், உள்ளே இருட்டில் ஒரு கொடியருகே சுற்றும், போய்விடும். கிளையும் கொடியும் மறைத்தன, வெளிச்சம் விழவில்லை. ஒரு தகடும் தேறவில்லை. டீச்சரம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஓணத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுப் பாயசம் ஊற்றினார். அந்த நன்றிதான் என்னைக் கெடுத்தது.

கன்னி மாதத்தில், நம் புரட்டாசியில், வருகிற ஆயில்யம் நாகர்களுக்குப் பெரிய நாள். காவில் அன்று பூஜை நடக்கும் என்று சொன்னார்கள். நான் திருநெல்வேலிச் சைவன். திருநாள் வருகிறது என்றால் கோயில் பிரகாரத்தில் புல்லைச் செதுக்கி, முள்ளை வெட்டி, குப்பை கூட்டித் தண்ணீர் தெளிப்பதை உழவாரப் பணி என்று சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தார்கள். என் அப்பா அதற்கென்றே ஒரு செதுக்கி வைத்திருந்தார். காசு கொடுக்கிறவனைவிடப் புல் செதுக்குகிறவனுக்குப் புண்ணியம் அதிகம் என்பார். இவர்கள் வீட்டில் ஒருவர் பள்ளிக்கூடத்தில், ஒருவர் வயோதிகர். பாவம், ஆள் இல்லாமல் நாகரைச் சருகில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆயில்யத்துக்கு மூன்று நாள் முன்னால், டீச்சரம்மா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து புது மண்வெட்டி ஒன்றும் அரிவாள் இரண்டும் எடுத்துக்கொண்டு போனேன். காரணவர் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். "காவுல கொஞ்சம் வேலை இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். வழக்கம்போல் படம் பிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று எண்ணி, "ஆவட்டே, ஆவட்டே" என்றார்.

மூன்று மணி நேரம் வேலை செய்தேன். சருகைக் கூட்டினேன், கொடியை அறுத்தேன், தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன். நடுக்கல்லுக்குப் பின்னால் மரத்தில் ஏறியிருந்த கொடியைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். ஈச்சுரமூலி. நம் பக்கத்தில் பாம்புக்கடி வைத்தியர் வீட்டு வேலியில் இருக்குமே, அது. அதன் வாசனைக்குப் பாம்பு அண்டாது என்பது நம்மூரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாகர் குடியிருக்கிற இடத்தில் நாகருக்கு ஆகாத கொடியா? தெரியாமல் முளைத்துவிட்டது, நல்லவேளை நான் பார்த்தேன் என்று அதை மட்டும் விசேஷமாக மண்வெட்டியால் தோண்டிப் பறித்தேன். கல்லுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கடைசியில் காரணவரிடம் அரிசி மாவு கேட்டு வாங்கி, நாகர் கல்லுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த அழகில் ஒரு கோலமும் போட்டேன். தூர நின்று பார்த்தபோது வெயில் தரையில் விழுந்து பளிச்சென்று இருந்தது. இனிப் படமும் நன்றாக விழும் என்று ஒரு அல்ப சந்தோஷமும் வந்தது.

டீச்சரம்மா நாலு மணிக்கு வந்தார். வாசலில் குடையை மடக்கினவர் தென்மேற்கு மூலையில் வெளிச்சத்தைக் கண்டு அப்படியே நின்றார். அப்புறம் மெல்ல நடந்து வந்தார். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிற பள்ளிக்கூடத்துப் பையன்போல நிமிர்ந்து நின்றேன். அவர் கோலத்தைப் பார்த்தார். குவித்து வைத்த குப்பைக்குப் போய், அந்தக் கொடியைத் தேடி எடுத்தார்.

"பிள்ளே, இது எந்தினு பறிச்சது?"

"ஈச்சுரமூலி, டீச்சரம்மா. பாம்புக்கு ஆகாது. நாகர் பக்கத்திலே இருக்கலாமா?"

அவர் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சிவப்பும் கறுப்புமாக, முதுகெல்லாம் முள்முள்ளாக ஒரு புழு. அடுத்த இலையில் ஒன்று. அப்புறம் இன்னொன்று. "இதுதான் பிள்ளையோட பூம்பாற்றை" என்றார். "இந்தக் கொடியில்தான் முட்டை இடும். வேறே ஒண்ணும் தின்னாது. பதினோரு கொல்லமாயிட்டு அது இங்கே வாறது நாகரைக் காணவா? இந்தக் கொடியைக் காணத்தான்."

"நாகருக்கு ஆகாதே என்று..." என்று நான் இழுத்தேன்.

"நாகருக்கு ஆகாதுன்னா நாகர் பறிச்சிருப்பாரே. நூறு கொல்லம் அவரு வெறுதே இருந்தாரு. பிள்ளைக்கு மூணு மணிக்கூர் பொறுக்கலை."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். காவில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, விழுந்த சருகை எடுக்கக் கூடாது, அப்படியே விட்டு வைப்பதுதான் அங்கே வழிபாடு என்று காரணவர் அப்போதுதான் என்னிடம் சொன்னார்.  டீச்சரம்மா மூன்று புழுக்களையும் இலையோடு எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார். "இனி காவில் கேறண்டா" என்றார். உள்ளே நுழையாதே என்று அர்த்தம். வெட்கத்தில் என் காது இரண்டும் எரிந்தன. நல்லது செய்ய வந்து ஒரு வீட்டின் தெய்வத்தையும் பூச்சியையும் ஒரே மண்வெட்டியில் தோண்டிப் போட்டிருக்கிறேன்.

கோமதியிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சுத்தம் பண்ணியே தீரணும்னா நம்ம வீட்டு மச்சு இருக்கு, பத்து கொல்லமா குப்பை. காவிலே போயா கை வைக்கணும்? ஆளுகள் என்ன விசாரிக்கும்?" பிறகு அவளே, "பறிச்ச கொடி நாளைக்கு வாடிப்போகும். புழு என்னத்தைத் தின்னும்?" என்று கேட்டாள். அது என் மண்டையில் உறைத்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து சைக்கிளில் ஊரெல்லாம் அலைந்தேன். சாலையில் மருந்துக்கடைக்கு மருந்துக்கடை ஈச்சுரமூலி இருந்தது, எல்லாம் காய்ந்த வேர். பச்சைக் கொடி எங்கும் இல்லை. வள்ளியூரில் என் அண்ணன் தோட்டத்து வேலியில் அது மண்டிக் கிடப்பது ஞாபகம் வந்தது. உடனே நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்தேன்.

எதற்கு வந்தேன் என்று அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார் என்று மருந்துக்கு என்று சொல்லி, ஒரு சாக்கு நிறையக் கொடியும், மண்ணோடு இரண்டு வேரும் கட்டினேன். சாக்கை நனைத்துக்கொண்டு திரும்பும்போது ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கையில் பிடித்துக்கொண்டார்கள். ஈரச் சாக்கில் இலை என்றால் அவர்களுக்குத் தீர்வை கட்டாத புகையிலைதான். புழுவுக்குத் தீனி என்றேன். என்ன புழு, பட்டுப்புழுவா, லைசென்ஸ் உண்டா என்றார் அதிகாரி. பூச்சியாகப் போகிற புழு என்றேன். அவர் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். அந்தக் கசப்பை அவர் வாழ்நாளில் மறந்திருக்க மாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

கரமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது குப்பி காலியாக இருந்தது. அன்று காலையில் மூன்றும் செத்துவிட்டன. நான் சாக்கைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, வேரையாவது காவில் நட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். டீச்சரம்மா தலையை ஆட்டினார். "காவிலே பறிக்கவும் பாடில்லை, நடவும் பாடில்லை, பிள்ளே. வாறது தன்னாலே வரும். வராததை நாம வரவைக்கப்படாது." பிழை செய்தவனுக்குப் பரிகாரம் செய்யவாவது வழி இருக்கும் என்று நம்பியிருந்தேன். அதுவும் இல்லை என்று தெரிந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேரை ஆரியசாலைக்கே கொண்டு வந்தேன். கோமதி கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டாள்.

அப்புறம் ஒரு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த சிங்கத்தில் அந்தப் பூச்சி வருமா, வராதா; வராவிட்டால் பதினோரு வருஷத்து நோட்டுப் புத்தகம் என் கையால் நின்றுபோகும். இதே நினைப்புதான். காமிராவைத் தொடாமலும் இருக்க முடியவில்லை. ஆனால் பூச்சியைப் பார்ப்பதற்கு முன் செடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். துலாத்தில் நீலக்கோட்டுப் பூச்சி கிலுகிலுப்பைக்கு ஏன் வருகிறது என்று பார்த்தேன். மார்கழியில் எங்கள் கிணற்றடிக் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கோமதி தட்டிவிடப் போனபோது, அது புழு என்று நான் கத்தியதில் அவள் கையிலிருந்த செம்பு கிணற்றில் விழுந்தது. எருக்கஞ்செடியை ஒருவன் வெட்டினால் போய்ச் சண்டை பிடித்தேன். மேடத்தில் ஆற்று மணலுக்குப் போனேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பூச்சிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன, ஆறு படம் அருமையாக விழுந்தது. அவற்றைக் காட்ட ஆள் இல்லை.

இடவப்பாதி அந்த வருஷம் வெளுத்து வாங்கியது. சிங்கம் பிறந்து பத்து நாள் இருக்கும், காரணவர் குடையோடு கடைக்கு வந்தார். ஒரு தாழ்ப்பாள் வாங்கினார். போகும்போது, "பார்கவி ஒந்நு வரான் பறஞ்ஞு. காமிராவும் வேணும்" என்றார். டீச்சரம்மா ஒரு தடவை வரச் சொன்னாராம். நான் கடையை எப்படி விட்டுவிட்டு ஓடினேன் என்று மாமனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

காவு பழையபடி இருட்டிக்கொண்டு வந்திருந்தது. சருகு மூடிவிட்டது, நான் கோலம் போட்ட இடத்தில் பெரணி முளைத்திருந்தது. நடுக்கல்லுக்குப் பின்னால், நான் தோண்டிய குழியின் ஓரத்திலிருந்து கொடி புதிதாக எழும்பி, ஒரு ஆள் உயரம் மரத்தில் ஏறியிருந்தது. வேரின் ஒரு துண்டு மண்ணில் தங்கி, மழையில் தளிர்த்திருக்கிறது.

"இரும்புக்கடைக்காரனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதது நல்லதாப் போச்சு" என்றார் டீச்சரம்மா. "நல்லாத் தெரிஞ்சவனா இருந்தா முழுசும் பறிச்சிருப்பான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காவுக்குள் காலெடுத்து வைக்காமல் விளிம்பிலேயே காமிராவை நிறுத்தினேன். ஒரு இலை நேர் குறுக்கே தொங்கியது. தொடவில்லை. ஒன்பது மணிக்குப் பூச்சி வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக இறங்கி, கொடியைச் சுற்றி, ஒரு இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றை வளைத்து அடியில் ஒரு முட்டை வைத்தது. சிறகு துடித்துக்கொண்டே இருந்தது. நான் ரப்பர் உருண்டையை அழுத்தினேன். படத்தில் குறுக்கே தொங்கிய இலைதான் தெளிவாக விழுந்தது. அதற்குப் பின்னால் சிறகு வெறும் கலங்கல், பின்சிறகு மட்டும் ஒரு வெளிச்சத் திட்டு. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் பறக்குது" என்று சொல்லி, வகுப்பில் மாட்டாமல் தன் நோட்டுப் புத்தகத்தில் அந்த வருஷத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது. யுத்தம் வந்த பிறகு தகடும் மருந்தும் கிடைப்பதில்லை. இப்போது வெறும் கண்ணால்தான் பார்க்கிறேன். போன பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைக் கும்பிட ஊருக்குப் போயிருந்தோம். பொங்கல் வைக்குமுன் கோயிலைச் சுற்றி முள்ளும் கொடியும் வெட்டிச் சுத்தம் செய்கிற முறை. அண்ணன் என் கையில் ஒரு அரிவாளைக் கொடுத்து, ஈச்சுரமூலி படர்ந்த வடக்கு வேலியைக் காட்டினார். எல்லாரும் மளமளவென்று வெட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு கையில் அரிவாள். இன்னொரு கை தானாகப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தது. நாலாவது இலையின் அடியில் இருந்தன, இரண்டு சின்னச் சிவப்புப் புழுக்கள்.

"ஏலே, சம்முவம், என்ன இலையை எண்ணிக்கிட்டு நிக்கே? வெட்டுலே."

"இதுல புழு இருக்கு, அண்ணாச்சி."

"புழு இருக்குன்னுதாம்லே வெட்டச் சொல்லுதேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். "விடுங்க, அவன் மலையாளத்தான் ஆயிட்டான்" என்று சித்தப்பா சொன்னார். நான் திருவனந்தபுரத்தில் இருபது வருஷமாகப் பாண்டிக்காரன்.  ஆனால் கோபம் வரவில்லை. கோயிலைச் சுத்தம் செய்வது புண்ணியம் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். வெட்டிய புல்லின் வாசனை அப்பாவின் வாசனையாகவே இருந்தது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கொடிக்கு முதுகைக் காட்டி, வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் அதற்கும் நடுவே நின்றேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வெட்டினார்கள். பானை பொங்கிப் பெண்கள் குலவையிட்டபோதும் நான் அங்கிருந்து நகரவில்லை. வேலியோரம் நின்றபடியே சாஸ்தாவுக்குக் கை கூப்பினேன்.